ஆஸ்பத்திரி சோஷியல் ஒர்க்கர் மேல எங்க புகார் கொடுக்கிறது? ஒரு தத்தெடுப்பு கேஸ் பத்தின ஆய்வு

இந்த கேஸ் கொங்கு பக்கம் ஒரு டவுன்ல சில வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. சம்பந்தப்பட்டவங்க யாருன்னு தெரியக்கூடாதுன்னு ஊர் அடையாளம், வயசு, சின்னச் சின்ன விவரம் எல்லாம் மாத்திருக்கேன், ஆனா நடந்த வரிசையும் எடுத்த முடிவுகளும் அப்படியே தான் இருக்கு. அப்போ மாவட்டத்துல குழந்தைகள் பாதுகாப்பு வேலை பாத்த டீம்ல நானும் ஒருத்தி, எம்எஸ்டபிள்யூ, அதாவது சோஷியல் ஒர்க்குல முதுகலைப் பட்டம் படிச்சவ. குழந்தை பத்திரமா கிடைச்சிருச்சு. ஆனா தப்பு பண்ண ஆளுங்கள்ல ஒருத்தரை மட்டும் விசாரிக்க இந்த நாட்டுல ஒரு அமைப்பு கூட இல்லன்னு அப்போ தான் நேர்ல தெரிஞ்சுது, அவங்க எங்க தொழில்காரங்க. அதனால தான் இதை எழுதுறேன்.

பின்னணி

பொண்ணுக்கு வயசு இருபது சொச்சம். தென் மாவட்டத்துல இருந்து ஸ்பின்னிங் மில் வேலைக்கு வந்து மில் ஹாஸ்டல்லயே தங்கியிருந்தா. கூட வேலை பாத்த பையன் கல்யாணம் பண்ணிக்கிறேன்னு சொல்லியிருக்கான், மாசமா இருக்கான்னு தெரிஞ்சதும் நம்பரை மாத்திட்டுப் போயிட்டான். அம்மா சின்ன வயசுலயே தவறிட்டாங்க, அப்பாவுக்குத் தெரிஞ்சா ஊர்ப்பக்கமே தலைகாட்ட முடியாதுன்னு பயம். ஏழு மாசம் வரைக்கும் யாருக்கும் தெரியாம ஷிஃப்ட் பாத்துட்டு, அப்புறம் ஹாஸ்டல்ல ஒரு தோழி உதவியோட, பில்லுல சலுகை தர்ற ஒரு ட்ரஸ்ட் ஆஸ்பத்திரில சேர்ந்தா. பெண் குழந்தை, சுகப்பிரசவம்.

அந்த ஆஸ்பத்திரில மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர்னு ஒரே ஒருத்தங்க. எம்எஸ்டபிள்யூ முடிச்சு வந்து ரெண்டு வருஷம் கூட ஆகல, கான்ட்ராக்ட் வேலை. நாள்ல முக்கால்வாசி நேரம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட பேப்பர், பில் கன்செஷன் ஃபார்ம், இதுலயே போயிடும். அவங்களுக்கு மேல சூப்பர்வைசரா இருந்தது ஆஸ்பத்திரி மேனேஜர், அவருக்கும் சோஷியல் ஒர்க்குக்கும் சம்பந்தமே கிடையாது.

குழந்தையை என்னால வளர்க்க முடியாதுன்னு ஒரு தாய் சொன்னா என்ன பண்ணணும்னு இளைஞர் நீதிச் சட்டம் 2015 தெளிவா சொல்லுது. பிரிவு 35. தாயும் குழந்தையும் குழந்தைகள் நலக் குழு (குழந்தைகள் பாதுகாப்பு விஷயத்துல முடிவெடுக்க சட்டப்படி மாவட்டத்துல இருக்கிற குழு) முன்னாடி வரணும், குழு விசாரிச்சு கவுன்சிலிங் கொடுக்கணும், அதுக்கப்புறமும் தாய் உறுதியா இருந்தா ஒப்படைப்புப் பத்திரம் எழுதலாம், எழுதின பிறகும் மனசு மாறி யோசிக்க ரெண்டு மாசம் டைம் உண்டு. அந்த ரெண்டு மாசம் தாண்டினா தான் குழந்தையை தத்துக்கு சட்டப்படி தகுதியானதுன்னு அறிவிக்க முடியும், அப்புறம் காரா, அதாவது தத்தெடுப்பைக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்பு, அது வழியா பதிவு பண்ணி காத்திருக்கிறவங்களுக்கு வரிசைப்படி போகும். பிரசவம் முடிஞ்ச உடனே ஒரு பொண்ணு பயத்துல சொல்றதை கடைசி வார்த்தையா எடுத்துக்கக் கூடாதுன்னு தான் அந்த ரெண்டு மாசத்தை வச்சிருக்காங்க.

ஆஸ்பத்திரில நடந்தது

பிரசவம் ஆன மறுநாள் அந்தப் பொண்ணு சோஷியல் ஒர்க்கர்கிட்ட எல்லாத்தையும் சொல்லி அழுதிருக்கா. அவங்க குழந்தைகள் நலக் குழுவுக்குச் சொல்லல, குழந்தைகள் உதவி எண் 1098க்கும் போன் பண்ணல. தெரிஞ்ச ஒரு அம்மா இருந்தாங்க, ஒரு ட்ரஸ்ட் நடத்துறவங்க, ஆஸ்பத்திரிக்கு அன்னதானம், ரத்ததான முகாம்னு அடிக்கடி வந்து போறவங்க, அவங்களுக்கு போன் போட்டு பொண்ணோட பேரு, ஊரு, நிலைமை எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. அந்த அம்மா கழுத்துல சோஷியல் ஒர்க்கர்னு அச்சடிச்ச ஐடி கார்டு, கார் கண்ணாடிலயும் அதே ஸ்டிக்கர். படிச்சது வேற ஏதோ, சோஷியல் ஒர்க் படிப்பு கிடையாது.

அன்னைக்கு சாயங்காலமே பக்கத்து மாவட்டத்துல இருந்து ஒரு தம்பதி வந்துட்டாங்க, பத்து வருஷத்துக்கு மேல குழந்தை இல்லாதவங்க, ட்ரீட்மெண்ட்டுக்கே நிலத்தை வித்தவங்க. வார்டு நர்ஸ் ஒருத்தங்க கேஸ் ஷீட்ல குழந்தையை உறவினர்கிட்ட ஒப்படைச்சாச்சுன்னு எழுதிட்டாங்க. தம்பதிகிட்ட ஆஸ்பத்திரி செலவு, பேப்பர் செலவுன்னு சொல்லி அந்த ட்ரஸ்ட் அம்மா பெரிய தொகை வாங்கியிருக்காங்க, அதுல ஒரு சின்ன பங்கு தான் பொண்ணு கைக்கு வந்துச்சு, பஸ் காசுக்கும் மருந்துக்கும்னு. ஒரு வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்தும் வாங்கியிருக்காங்க.

பின்னாடி நான் அவகிட்ட ஏன்மா கையெழுத்து போட்டன்னு கேட்டேன். "சோஷியல் ஒர்க்கர்னு சொன்னாங்கக்கா, ரெண்டு பேருமே சொன்னாங்க, கவர்மெண்ட் ஆளுங்கன்னு நெனச்சேன்."

1098க்கு வந்த போன்

ஹாஸ்டலுக்குத் திரும்பி ஒரு வாரம் தாண்டல, மார்ல பால் கட்டி காய்ச்சல், தூக்கம் இல்ல, குழந்தையை ஒரு தடவை பாக்கணும்னு அந்த ட்ரஸ்ட் அம்மாவுக்கு போன் பண்ணா எடுக்கல, அப்புறம் பிளாக் பண்ணிட்டாங்க. அதே தோழி தான் 1098க்கு கூப்பிட்டா. தகவல் எங்க டீமுக்கு வந்துச்சு.

முதல்ல நாங்க கவனிச்ச விஷயம், ஆஸ்பத்திரில யாருமே இதை மறைக்கணும்னு பதறல. எல்லாரும் நல்லது தானே பண்ணோம்னு பேசினாங்க. ஸ்டேஷனுக்குப் போனா அங்கயும் அந்த ட்ரஸ்ட் அம்மாவை மேடம்னு தான் கூப்பிட்டாங்க, சமாதானக் கூட்டத்துக்கெல்லாம் வர்றவங்களாம். அவங்க எந்தத் துறை, யார் நியமிச்சதுன்னு ஒருத்தரும் கேட்டதே இல்ல. கார்டைப் பாத்து நம்பியிருக்காங்க.

முதல்ல எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, தம்பதி வீட்டுக்கு யூனிஃபார்ம் போலீசை அனுப்பக் கூடாது. பயந்து குழந்தையைத் தூக்கிட்டு வேற மாநிலம் போயிட்டா அப்புறம் தேடவே முடியாது. அதனால குழந்தைகள் நலக் குழு உத்தரவோட ரெண்டு மாவட்ட டீமும் சேர்ந்து, மஃப்டில ஒரு பெண் போலீஸ் கூட வர, காலைலயே போனோம். அவங்க ஓடல. குழந்தை சுத்தமா, நல்ல எடையில இருந்துச்சு. அந்த வீட்டுக்கார அம்மா குழந்தையை கையில கொடுக்கிறதுக்குள்ள பட்ட பாட்டை இங்க விவரிக்க விருப்பம் இல்ல.

ரெண்டாவது முடிவுல டீமுக்குள்ளயே சண்டை வந்துச்சு. குழந்தை நல்லா தானே இருக்கு, விசாரணை முடியுற வரைக்கும் அங்கயே இருக்கட்டுமேன்னு சிலர் சொன்னாங்க. நான் வேண்டாம்னு நின்னேன். ஒவ்வொரு நாளும் அங்க இருந்தா தாய் மனசு மாறினாலும் மாறலைன்னாலும் முடிவை அந்த வீடு தான் எடுக்கும், அவ எடுக்க மாட்டா. கூடவே, வரிசைல காத்திருக்கிற மத்த தம்பதிகளுக்கு அது அநியாயம். குழு குழந்தையை தத்துவள மையத்துல, அதாவது தத்துக்குப் போற குழந்தைகளைப் பராமரிக்கிற அங்கீகாரம் உள்ள இல்லத்துல, வைக்க உத்தரவு போட்டுச்சு.

மூணாவது, தாய் கேட்ட உடனே குழந்தையை அவகிட்ட கொடுக்கல. மில் ஹாஸ்டல்ல குழந்தையோட இருக்க முடியாது, வேற போக்கிடமும் இல்ல. முதல்ல அவளுக்கு ஒரு பெண்கள் இல்லத்துல இடம் பாத்தோம், பால் கட்டினதுக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம், தத்துவள மையத்துக்குப் போய் குழந்தைக்குப் பால் கொடுக்க குழு அனுமதி வாங்கினோம்.

அந்த ரெண்டு மாசம்

கவுன்சிலிங்ல அவ நாளுக்கு ஒண்ணு சொன்னா. ஒரு நாள் வச்சுக்கிறேன்னு சொல்வா, மறுநாள் எங்கயாவது நல்லா இருக்கட்டும்னு சொல்வா. மூணு வாரம் போல ஆனப்புறம் முறைப்படி ஒப்படைக்கிறேன்னு குழு முன்னாடி சொல்லி பத்திரம் எழுதினா. கல்யாணம் ஆகாத தாய்ங்கிறதால அவ கையெழுத்தே போதும், அவ அப்பாவுக்குச் சொல்லணும்னு எந்தச் சட்டமும் இல்ல, நாங்களும் சொல்லல.

அவளோட அனுமதி வாங்கி ஒரே ஒரு சொந்தக்காரங்களை மட்டும் தேடினோம், அப்பாவோட கூடப்பிறந்த அத்தை. ஊர்ல தையல் மிஷின் வச்சு பொழைக்கிறவங்க, புருஷன் இல்ல. வந்து மையத்துல குழந்தையைப் பாத்துட்டு ரெண்டு நாள் ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்க. அப்புறம் திரும்பி வந்து, "என் அண்ணனை நான் பாத்துக்கிறேன், புள்ளையையும் தாயையும் என் வீட்டுக்கு அனுப்புங்க"ன்னு குழுத் தலைவர் முன்னாடி சொன்னாங்க. ரெண்டு மாசம் முடியுறதுக்கு சில நாள் இருக்கும்போது அந்தப் பொண்ணு பத்திரத்தை வாபஸ் வாங்கினா. வீட்டு விசாரணை அறிக்கை பாத்துட்டு குழு குழந்தையை அவகிட்டயே ஒப்படைச்சுச்சு.

ஆஸ்பத்திரில நடந்த மாதிரி விட்டிருந்தா அவளுக்கு இந்த ரெண்டு மாசமே கிடைச்சிருக்காது.

யாரை யார் விசாரிக்கிறது

ட்ரஸ்ட் அம்மா மேல எஃப்ஐஆர் போட்டாங்க, இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 80, 81. முறையில்லாம தத்து கொடுக்கிறதும் வாங்குறதும் 80ல வருது, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் அல்லது ஒரு லட்சம் அபராதம் அல்லது ரெண்டும். 81 குழந்தையை விக்கிறது வாங்குறது, அஞ்சு வருஷம் வரைக்கும், அதுவே குழந்தையை பொறுப்புல வச்சிருக்கிற ஆஸ்பத்திரி ஊழியரா இருந்தா குறைஞ்சது மூணு, அதிகபட்சம் ஏழு வருஷம். தம்பதி பேரும் 80ல சேர்ந்துச்சு. அவங்க பக்கம் நியாயம் இருந்தாலும் வாங்கினவங்களும் சட்டத்துல வர்றாங்க, அதை நாங்க மாத்த முடியாது.

ஆனா அந்த அம்மா சோஷியல் ஒர்க்கர்னு கார்டு அடிச்சு மாட்டிக்கிட்டு திரிஞ்சதுக்கு எந்தப் பிரிவும் இல்ல. இன்ஸ்பெக்டர் எங்ககிட்டயே கேட்டார், இதுக்கு என்ன செக்‌ஷன் போடுறதுன்னு. டாக்டர்னு போர்டு மாட்டினா, வக்கீல்னு கோட்டு போட்டா உடனே கேள்வி வரும், அதுக்கு ரெஜிஸ்டர் இருக்கு, நம்பர் இருக்கு. சோஷியல் ஒர்க்கர்ங்கிற பேரை யார் வேணும்னாலும் போட்டுக்கலாம், பொதுவா அதைத் தடுக்கிற சட்டமே இல்ல.

அடுத்தது நர்ஸ். தமிழ்நாட்டுல நர்ஸ்களுக்கு 1926லயே சட்டம் வந்தாச்சு, பதிவு நம்பர் இருக்கு, கவுன்சில் இருக்கு. கேஸ் ஷீட்ல தப்பா எழுதினதைப் பத்தி அவங்க கவுன்சிலுக்குப் புகார் போச்சு, அவங்ககிட்ட விளக்கம் கேட்டாங்க, அவங்களும் தன் பக்கத்தை எழுதிக் கொடுத்தாங்க. முடிவு எப்படி வந்தாலும் அதுக்குன்னு ஒரு வழி இருந்துச்சு.

மூணாவது ஆள் அந்த மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர். பேஷண்ட் நம்பிச் சொன்ன ரகசியத்தை வெளி ஆளுக்குச் சொன்னது, சட்டப்படி சொல்ல வேண்டிய குழுவுக்குச் சொல்லாதது, ரெண்டுமே எங்க தொழில்ல அடிப்படையான தப்பு. அவங்க காசு வாங்கலன்னு போலீஸ் விசாரணைல தெரிஞ்சதால எஃப்ஐஆர்ல சாட்சியா தான் வச்சாங்க. அப்போ தொழில் ரீதியா யார் விசாரிப்பாங்க? நாங்க ஒவ்வொரு கதவா தட்டினோம். படிச்ச காலேஜ், பட்டம் கொடுத்ததோட எங்க வேலை முடிஞ்சுதுன்னு சொன்னாங்க. தொழில் சங்கம் ஒண்ணுக்கு எழுதினோம், அவங்க மெம்பரே இல்லையேன்னு பதில் வந்துச்சு, மெம்பரா இருந்தாலும் மெம்பர்ஷிப்ல இருந்து நீக்கலாம், வேலை பாக்கக் கூடாதுன்னு சொல்ல சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது. அரசுத் துறைல கேட்டா அவங்க எங்க ஊழியர் இல்லன்னாங்க.

ஆஸ்பத்திரி அவங்களை ஒரே நாள்ல வேலையை விட்டு அனுப்பிருச்சு. அடுத்த சில மாசத்துல வேற மாவட்டத்துல ஒரு அமைப்புல சேர்ந்துட்டாங்க, குழந்தைகளுக்கு கவுன்சிலிங் கொடுக்கிற வேலை. அங்க எம்எஸ்டபிள்யூ சர்டிஃபிகேட் மட்டும் தான் கேட்டிருக்காங்க.

அவங்க சொன்னது

நான் அவங்களை நேர்ல போய் பாத்தேன், அதிகாரப்பூர்வமா இல்ல, தொழில்ல ஒரு சீனியரா. கோபத்தோட தான் போனேன். அவங்க பேசினதைக் கேட்டப்புறம் என் கோபம் பாதி வேற பக்கம் திரும்புச்சு.

பிரிவு 35 பத்தி கிளாஸ்ல ஒரு வரி படிச்சதா ஞாபகம், ஃபீல்டு ஒர்க்குல ஒரு தடவை கூட பாத்ததில்ல. ஆஸ்பத்திரில கேட்க ஆள் இல்ல. மேனேஜர்கிட்ட கேட்டதுக்கு, வெளில தெரிஞ்சா பேரு கெட்டுரும், சீக்கிரம் அனுப்புங்கன்னு சொல்லியிருக்கார், ட்ரஸ்ட் அம்மா நம்பரை கொடுத்ததே அவர் தான்னு சொன்னாங்க. இதை விசாரணைல சொன்னீங்களான்னு கேட்டா, யாரு விசாரிச்சாங்க மேடம், லெட்டரை கையில கொடுத்து அனுப்பிட்டாங்கன்னு சொன்னாங்க.

அது உண்மையா பொய்யா எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்க வழியும் இல்ல. ஒரு கவுன்சில் இருந்திருந்தா ரெண்டு பக்கமும் கேட்டிருப்பாங்க, சூப்பர்விஷன் இல்லாம வேலை வாங்கின ஆஸ்பத்திரியும் பதில் சொல்லியிருக்கணும், அவங்களை ஒரு வருஷம் மேற்பார்வைல வேலை பாக்கணும்னோ பயிற்சி முடிச்சுட்டு வரணும்னோ சொல்லியிருக்கலாம். இப்போ அந்தப் பொண்ணுக்கும் நியாயம் கிடைக்கல, இவங்களுக்கும் நியாயமான விசாரணை கிடைக்கல, அடுத்த ஆஸ்பத்திரில இதே நிலைமைல உக்காந்திருக்கிற புது எம்எஸ்டபிள்யூக்கு பாடமும் கிடைக்கல. சட்டம் வேணும்னு நாங்க கேக்கும்போது தண்டிக்கிறதுக்கு மட்டும் கேக்கிறதா பலர் நினைக்கிறாங்க. நியாயமா விசாரிக்கிறது, பாடம் கத்துக்கிறதுங்கிற இந்த ரெண்டாவது காரணம் தான் எனக்கு பெருசாத் தெரியுது.

சட்டம் இப்போ எங்க நிக்குது

இந்தியால சோஷியல் ஒர்க் படிப்பு 1936ல பம்பாய்ல ஆரம்பிச்சது, சென்னைல 1952ல. வக்கீல்களுக்கு 1961 சட்டம் இருக்கு. சோஷியல் ஒர்க்கர்ஸ்க்கு தேசிய கவுன்சில் வேணும்னு 1993லயே மசோதா வரைவு எழுதியாச்சு, அதுக்கப்புறமும் வெவ்வேற வரைவு வந்துச்சு, எதுவும் சட்டமா ஆகல. அரசியலமைப்புல பொதுப் பட்டியல் 26வது வரி சட்டம், மருத்துவம், மற்ற தொழில்கள்னே சொல்லுது, அதனால பார்லிமெண்டுக்கு அதிகாரம் இல்லன்னும் சொல்ல முடியாது.

துண்டு துண்டா சில சட்டம் இருக்கு. 1992 மறுவாழ்வு கவுன்சில் சட்டத்துல மறுவாழ்வு சோஷியல் ஒர்க்கர்ஸ் வர்றாங்க. 2017 மனநலச் சட்டம் எம்ஃபில் முடிச்ச சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கரை மாநில மனநல ஆணையத்துல பதியச் சொல்லுது. 2021 மார்ச்ல பார்லிமெண்ட் நிறைவேத்துன அல்லைடு ஹெல்த்கேர் (டாக்டர், நர்ஸ் தவிர்த்த மத்த மருத்துவத் துணைத் தொழில்கள்) கமிஷன் சட்டத்தோட அட்டவணைல மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர், சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர், கிளினிக்கல் சோஷியல் ஒர்க்கர் மூணு பேரும் இருக்காங்க. ரெஜிஸ்டர், நடத்தை விதி, பேரை நீக்குற அதிகாரம் எல்லாம் அதுல உண்டு. ஆறு மாசத்துல மாநில கவுன்சில் அமைக்கணும்னு சட்டத்துலயே இருந்தும் பல மாநிலம் அமைக்கல, 2024 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் ரெண்டு மாசக் கெடு கொடுத்து அமல்படுத்தச் சொல்லுச்சு.

எங்க கேஸுக்கு அது முழுசா வேலை செஞ்சிருந்தா கூட பாதி தான் தீர்வு. அந்த சோஷியல் ஒர்க்கர் ஆஸ்பத்திரில இருந்த வரைக்கும் சட்டத்துக்குள்ள இருப்பாங்க, அங்க பேரை நீக்கினாலும் குழந்தைகள் அமைப்புல சேர்ந்துட்டா வெளில வந்துருவாங்க, ஏன்னா அது ஹெல்த்கேர் இல்ல. குழந்தை பாதுகாப்பு, ஸ்கூல், சிறை, முதியோர் இல்லம், கிராமம், இங்கெல்லாம் வேலை பாக்கிறவங்களுக்கு அந்த அட்டவணைல இடமே இல்ல.

இன்னொண்ணும் சொல்லணும். அதே இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 4ல குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்துக்கு ரெண்டு சோஷியல் ஒர்க்கர் உறுப்பினர் வேணும்னு இருக்கு. தகுதி என்னன்னு பாத்தா, குழந்தைகளோட உடல்நலம், கல்வி, நலப்பணில ஏழு வருஷ அனுபவம், இல்லைன்னா குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இதுல பட்டம் வாங்கி தொழில் பண்றவங்க. சோஷியல் ஒர்க் பட்டம் அந்தப் பட்டியல்லயே இல்ல. சட்டம் எழுதினவங்களுக்கே இது ஒரு தொழில்ங்கிற நினைப்பு வரலன்னா ஸ்டேஷன்ல கார்டைப் பாத்து மேடம்னு சொன்னவங்களை நான் என்னன்னு குறை சொல்றது.

வெளிநாட்டுல இது எப்பவோ நடந்தாச்சு. தென்னாப்பிரிக்கால 1978 சட்டம். இங்கிலாந்துல 2005 ஏப்ரல்ல இருந்து பதிவு இல்லாம சோஷியல் ஒர்க்கர்னு சொல்லிக்க முடியாது. நியூசிலாந்துல 2003ல விருப்பப் பதிவா ஆரம்பிச்சு 2021 பிப்ரவரில கட்டாயம் ஆக்கினாங்க, நடுவுல படிப்பு இல்லாட்டியும் நீண்ட அனுபவம் இருக்கிறவங்க பதிய தனி வழி வச்சாங்க. அந்த வழி நமக்கு ரொம்ப முக்கியம். இங்க கிராமத்துல, சேரில, இருபது முப்பது வருஷமா உயிரைக் கொடுத்து வேலை பாக்குற பெண்கள் எத்தனையோ பேர் பட்டம் வாங்காதவங்க, சட்டம் வந்து அவங்களை வெளில தள்ளிட்டா அது இன்னொரு அநியாயம். அதே நேரம் எம்எஸ்டபிள்யூ படிச்சுட்டு ஹெச்ஆர் வேலைக்குப் போனவங்களை எந்தப் பதிவேட்டுல வைக்கிறதுன்னும் முடிவு பண்ணணும், இதுல தொழிலுக்குள்ளயே ஒத்த கருத்து இல்லாதது மசோதா நகராததுக்கு ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

அதுக்கப்புறம் மாத்தினது

வழக்கு கோர்ட்ல நடந்துக்கிட்டு இருக்கு. அந்தப் பொண்ணு அத்தையோட சேர்ந்து தைக்கிறா, குழந்தை அங்கன்வாடிக்குப் போகுது, அப்பா இன்னும் பேசல. தம்பதி காராவுல பதிவு பண்ணணும்னு வந்து விசாரிச்சாங்க, வழக்கு முடியுற வரைக்கும் எதுவும் சொல்ல முடியாத நிலைமை.

மாவட்டத்துல எங்களால முடிஞ்சதைப் பண்ணோம். பிரசவம் பாக்குற எல்லா ஆஸ்பத்திரிக்கும் பிரிவு 35 நடைமுறையை ஒரே பக்கத்துல தமிழ்ல அடிச்சு வார்டுல ஒட்ட வச்சோம், குழு நம்பரும் 1098ம் பெருசா போட்டு. ஆஸ்பத்திரி சோஷியல் ஒர்க்கர்ஸ் எல்லாரையும் மாசம் ஒரு தடவை கூட்டி கேஸ் பேசுறோம், மூத்தவங்க ரெண்டு பேர் சூப்பர்விஷன் தர்றாங்க, சம்பளம் இல்லாம. குழந்தைகளோட வேலை பாக்க ஆள் எடுக்கிற அமைப்புகள் முந்தைய இடத்துல ஏன் விலகினாங்கன்னு எழுத்துல வாங்கணும்னு கேட்டுக்கிட்டோம், கட்டாயப்படுத்த முடியாது, சிலர் கேக்கிறாங்க சிலர் கேக்கிறதில்ல.

எங்க தொகுதி எம்பிக்கு இந்த கேஸை பேர் இல்லாம எழுதி மனு கொடுத்திருக்கோம். எங்க வேலை பாத்தாலும் ஒரே தேசியப் பதிவேடு, பதிவு இல்லாம சோஷியல் ஒர்க்கர்ங்கிற பேரைப் போட்டுக்கிட்டா தண்டனை, ரெண்டு பக்கமும் கேட்டு விசாரிக்கிற குழு, அனுபவத்தால வந்தவங்களுக்கு கால வரம்போட தனி வழி, வேலைக்கு வைக்கிறவங்க சூப்பர்விஷன் தர்றது கட்டாயம். இந்தக் கடைசி கோரிக்கையைச் சேர்க்கச் சொன்னது அந்த ஆஸ்பத்திரில வேலை போன சோஷியல் ஒர்க்கர் தான், மனுவுல அவங்களும் கையெழுத்துப் போட்டிருக்காங்க.